கொரியாப் பன்னும் கூட வர்ற தாத்தாவும்

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. மெட்ராஸ்ல கொரியாக்காரன் பாணியில ஆவியில வேக வெச்ச பன்னு விக்கிற கடைக்குக் கூட்டாளிங்களோட போகப்போறியாமே, உங்கம்மா சொன்னா. தாராளமாப் போ. நான் குறுக்க நிக்க மாட்டேன். உங்கப்பன் உன் வயசுல மாயவரம் காளியாகுடி ஓட்டல்ல அல்வா தின்னுட்டு வந்து ஆறு மாசம் அதையே பேசிக்கிட்டுக் கெடந்தான். நீ மூங்கில் கூடையில பன்னு தின்னுட்டு வந்தா வருஷம் பூரா பேசலாம். ஆனா போறதுக்கு முன்னால கிழவன் சொல்றத ரெண்டு வார்த்தை கேட்டுக்க. கேட்டுத் தலைய ஆட்டிட்டு அப்பறம் உன் இஷ்டப்படி செய்யலாம். நம்ம வீட்டுல அதான் வழக்கம்.

மொதல்ல, எந்த ஊருன்னு எவனாவது கேட்டா தருமபுரம்னு மொட்டையாச் சொல்லிடாதே. ஒருத்தன் தருமபுரியான்னு கேப்பான். இன்னொருத்தன் மாயவரத்து ஆதீனத்து ஊருன்னு நெனச்சுக்கிட்டுக் கன்னத்துல போட்டுக்குவான். காரைக்கால்லேர்ந்து திருநள்ளாறு போற வழியில, யாழ்முரிநாதர் கோயில் இருக்கிற தருமபுரம்னு முழுசாச் சொல்லு. புதுச்சேரி மாநிலம்னு மட்டும் சேத்துச் சொல்லிடாதே. அப்பறம் பன்னுப் பேச்சை விட்டுட்டு, வரும்போது என்ன வாங்கிட்டு வந்தேன்னு உன் பையைத் துழாவுவானுங்க.

அடுத்தது, திங்கப்போற பண்டத்தோட பூர்வீகம். கொரியாப் பன்னுன்னு வாய் நெறையச் சொல்றியே, பலகையில போட்ட படத்தைப் பாத்தியா? நீளவட்டமாத் தட்டி, எண்ணெய் தடவி, ரெண்டா மடிச்சு வேக வெச்சது. நடுவுல பொரிச்ச கோழி, மேல செவப்புச் சாறு, எள்ளு. அந்த மடிப்புப் பன்னு தைவான்காரன் வீட்டுச் சொத்துடா. பன்னிக்கறியைச் சோயாச் சாறுல மெத்துனு வேக வெச்சு, வேர்க்கடலைத் தூளும் கொத்தமல்லியும் தூவி உள்ள வைப்பான். 2004-ல நியூயார்க்ல டேவிட் சாங்னு ஒருத்தர் மோமோஃபுகு நூடுல் பார்னு ஒரு சின்னக் கடை போட்டார். அப்பா அம்மா கொரியாவுலேர்ந்து அமெரிக்கா போனவங்க. சீனாக்காரன் ஓட்டல்ல வாத்துக்கறியோட குடுக்கிற பன்னைப் பாத்துட்டு, இவர் அதுல பன்னிக்கறியை வெச்சு மடிச்சுக் குடுத்தார். வெள்ளைக்காரன் வரிசையில நின்னான். அப்பறம் ஊரூருக்கு அந்தச் சாயல்ல கடை. ஆகத் தைவான் மடிப்பு, சீனத்துப் பாடம், கொரியா ரத்தம், அமெரிக்கா விலாசம், மெட்ராஸ் பில்லு. இத்தனை பேருக்கும் சேத்துத்தான் நீ காசு குடுக்கப் போறே. வெலை ஜாஸ்தின்னு மொணமொணக்காதே.

அப்போ கொரியாக்காரனுக்குன்னு சொந்தப் பன்னே கிடையாதாம்பே. இருக்கு. அது மடிச்சது இல்ல, மூடினது. உருண்டையா இருக்கும். உள்ள செவப்புப் பயறை வேக வெச்சு மசிச்சு சக்கரை போட்ட பூரணம். ஜின்பாங்னு பேரு. 1971-ல சம்லிப்னு ஒரு ரொட்டிக் கம்பெனி அதையே ஹோப்பாங்னு ஆலையில பண்ணிக் கடைக்கு அனுப்புச்சு. பனிக்காலம் வந்தா கடையில ஆவிப் பெட்டிக்குள்ள அது சுத்திக்கிட்டு இருக்கும், ஜனங்க வாங்கி ஊதி ஊதித் திங்கும். அந்தச் செவப்புப் பயறு நம்ம உளுந்துக்கும் பச்சப்பயறுக்கும் காராமணிக்கும் நெருங்கின பங்காளி. பிள்ளையார் சதுர்த்திக்குப் பூரணக் கொழுக்கட்டை பண்ணி நீட்டினப்போ, போன்லேர்ந்து தலையைத் தூக்காம "ஐயே, இனிப்பா"ன்னு மூஞ்சியைச் சுளிச்சியே, ஞாபகம் இருக்கா? அரிசி மாவுக்குப் பதிலா மைதாவை வெச்சு அதைத்தான் அவன் பண்றான். கடையில அது இருந்தா மறுபடியும் சுளிச்சுப் பாரு. மாட்டே. வெலையைப் பாத்தப்பறம் எவனும் சுளிக்க மாட்டான்.

கொரியாவுக்கே அது வெளியூர்ச் சரக்குத்தான், தெரியுமா? அங்க கோர்யோ அரசு ஆண்ட காலத்துல, எழுநூறு வருஷம் இருக்கும், பன்னுக்கடையப் பத்தி ஒரு பாட்டே கட்டியிருக்காங்க. கடைக்காரன் யாரு? மேற்கேயிருந்து வந்த முஸ்லிம் வியாபாரி. பன்னு வாங்கப் போன பொம்பளை கையைக் கடைக்காரன் பிடிச்சுட்டான்னு பாட்டு போகுது. பின்னால வந்த பெரிய மனுஷங்க இதெல்லாம் ஒரு பாட்டான்னு காதைப் பொத்திக்கிட்டாங்க. இந்தக் காலத்துல அந்த வம்பு கிடையாது. பில்லு வர்றப்போ நீயே உன் கையை இறுக்கிப் பிடிச்சுக்கணும், அவ்வளவுதான்.

இன்னும் பின்னால போனா சீனாக்காரன் ஒரு கதை சொல்றான். ஜூகே லியாங்னு ஒரு மந்திரி, மூணாம் நூத்தாண்டு. படையோட ஆத்தைத் தாண்டணும். ஆத்துச் சாமி நரபலி கேக்குதுன்னு ஜனங்க சொல்லுது. மனுஷன் கெட்டிக்காரன். மாவைத் தலை மாதிரி உருட்டி, உள்ள கறியை வெச்சு வேக வெச்சு ஆத்துல போட்டானாம். சாமியும் ஒண்ணும் சொல்லல. நாம பலிக்குப் பதிலாப் பூசணிக்காயை ஒடைக்கிறோம் பாரு, அதே ஏமாத்துதான். என்ன, அவன் வேக வெச்சான், திங்க முடியுது. நாம நடுரோட்டுல ஒடைச்சு மோட்டார்சைக்கிள்காரனை வழுக்கி விடுறோம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறியா? எங்க சின்ன தாத்தா பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல சொல்தாவா சைகோன்ல இருந்தவர். நம்ம காரைக்கால் 1739-லேர்ந்து பிரெஞ்சுக்காரன் கையில இருந்துச்சா, அவன் போன எடமெல்லாம் நம்மாளும் போனான். சைகோன்ல நம்மாளுங்க கடை, நம்மாளுங்க பள்ளிவாசல், நம்மாளுங்க மாரியம்மன் கோயில் எல்லாம் இருந்துச்சு. கோயில் இப்பவும் இருக்கு. அந்தத் தெருவுல சாயங்காலம் சுடச்சுடப் பன்னு வரும், கறியும் முட்டையும் உள்ள வெச்சதுன்னு சின்ன தாத்தா கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவார். எங்க ஆயா, "என்ன கறின்னு கேட்டீங்களா"ம்பாங்க. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவருக்குக் காது கேக்காது. மலேயாவுக்கு நாகப்பட்டினத்துலேர்ந்து ரஜூலா கப்பல் ஏறின சனம் அங்க அதைப் பாவ்னு தின்னுச்சு. பினாங்குலயும் சிங்கப்பூர்லயும் நம்ம ஜனங்க இப்பவும் காலைப் பசியாறலுக்கு அதான் திங்குது. அதனால, நம்ம பரம்பரையில பன்னு திங்கிற மொத ஆளு நாந்தான்னு கடையில மார் தட்டிடாதே.

பிரெஞ்சுக்காரன் பேச்சு வந்துச்சா, 1954 இருக்கு பாரு, விவகாரமான வருஷம். அந்த வருஷம்தான் வியட்நாம்ல பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டினான். அந்த நவம்பர் 1-ந்தேதி இங்க காரைக்கால்லயும் கொடியை எறக்கினான். அதே வருஷம் அமெரிக்காக்காரன் மிச்சம் விழுந்த கோதுமையை வெளிநாட்டுக்குத் தள்ளிவிடறதுக்கு பிஎல் 480-ன்னு ஒரு சட்டம் போட்டான். அந்தக் கோதுமை கொரியாவுக்கும் போச்சு, நமக்கும் வந்துச்சு. கொரியாவுல 1960-கள் கடைசியில வாரத்துல ரெண்டு நாள் ஓட்டல்ல அரிசிச் சோறு போடாதேன்னு அரசாங்கமே சொல்லிச்சு. நம்ம பக்கம் சாஸ்திரி திங்கக்கிழமை ராத்திரி சாப்பிடாதீங்கன்னார். சோறே சாமின்னு கும்பிட்ட ரெண்டு ஜனமும் மைதாவுக்குப் பழகினது அப்படித்தான். அவன் பன்னாப் பண்ணினான், நாம பரோட்டாவாத் தட்டினோம். நெல்லு வெளையிற பூமியில ஒக்காந்துக்கிட்டுக் கோதுமையைப் பத்திப் பேசறதே பாவம், போகட்டும்.

கடையில கூடை வந்ததும் மூடியைத் தெறந்து "அட, இட்லி"ன்னுடாதே. கடைக்காரனுக்கும் கோவம் வரும், இட்லிக்கும் கோவம் வரும். இட்லியில காத்தைப் பிடிச்சு வெச்சுக்கிறது உளுந்தோட வழவழப்பு. பன்னுல அந்த வேலையைச் செய்யறது கோதுமையோட பசை. அதனாலதான் இட்லியைப் பிட்டா உதிரும், பன்னைப் பிட்டா இழுக்கும். மேல்தோலைப் பாரு: மழமழன்னு, கறுப்புப் புள்ளி இல்லாம, தண்ணிச் சொட்டு விழுந்த தழும்பு இல்லாம இருந்தா சமையக்காரன் கைகாரன். மூங்கில் மூடி ஆவியைக் கொஞ்சம் கசிய விடும், அதனால சொட்டாது. ஈயப் பாத்திரத்துல வேக வெச்சா மூடியில துணியைக் கட்டணும். அடுப்பை அணைச்சதும் படக்குனு மூடியைத் தூக்கினா பன்னு பொசுக்குனு அமுங்கிடும், கொஞ்ச நேரம் பொறுக்கணும். தோல் சுருங்கி இருந்தா உள்ள இருக்கிற பையன் அவசரப்பட்டிருக்கான்னு அர்த்தம். திருப்பிக் குடுக்காதே, அவனும் நம்மூர்ப் பையனா இருப்பான்; அசாம், மணிப்பூர்ப் பையனா இருந்தாலும் பையன் பையன்தான்.

அந்தக் காலத்துக் கொரியாப் பன்னுக்கு மாவு பொங்க ஈஸ்ட்டு ஏது? மக்கோலின்னு அவங்க அரிசிக் கள்ளை ஊத்தித்தான் பெசைவாங்க. ஆப்பத்துக்குத் தென்னங்கள்ளு ஊத்தினாங்களே, அதே நுணுக்கம். தமிழ்நாட்டுல 1987-லேர்ந்து கள்ளுக்குத் தடை. வடக்க நண்டலாறு, தெக்க வாஞ்சூர், இந்த ரெண்டு எல்லைக்கும் இந்தப் பக்கம் நம்ம சர்க்கார் உரிமம் குடுத்த கள்ளுக்கடை. ஆகச் சட்டப்படி சுத்தமாக் கொரியாப் பன்னு பண்ண இந்த டெல்டாவுலயே தோதான எடம் நம்ம தருமபுரம்தான். நீ படிச்சு முடிச்சுட்டு வேலை கெடைக்கலேன்னா யோசி. மாவுக்குப் பதம் பாக்கற பொறுப்பை நான் ஏத்துக்கிறேன்.

கிம்ச்சி வைப்பான், சின்னக் கிண்ணத்துல. சீன முட்டைக்கோஸை உப்புல போட்டு வாட்டி, மொளகாத் தூள், பூண்டு, இஞ்சி தடவி ஊற வெச்சது. வீடு வீடாக் கூடி அதைப் போடற வழக்கத்தை 2013-ல யுனெஸ்கோகாரன் பட்டியல்ல சேத்தான். கிட்ட கொண்டுபோயி மோந்து பாரு. பூண்டு வாசனைக்கு அடியில ஒரு வாடை வரும். உனக்கு அது என்னன்னு தெரியாது. துறைமுகத்துப் பக்கம் வளந்த எனக்குத் தெரியும். கூனி! பொடி எறாலை உப்புல ஊறப்போட்டு அதுல கலந்திருக்கான். நம்ம கருவாட்டுக் கூடையில கடைசியில கெடக்குமே, செவப்பாப் பொடிப்பொடியா, அது சொந்தக்காரன். கூட வர்ற பையன் சைவம்னா, "இலைதானேடா, தின்னு"ன்னு ஊட்டிவிட்டுப் பாவத்தைக் கட்டிக்காதே. மொதல்ல பரிமாறுறவன்கிட்ட கேளு. வீட்டுல கூனி வறுத்தா ஊதுபத்தி கொளுத்திக்கிட்டு ஓடறவ நம்ம வேளாண் கல்லூரிப் பேத்தி. அவளே சொல்றா: இட்லி மாவைப் புளிக்க வைக்கிற லூக்கோநாஸ்டாக்னு ஒரு கிருமி, அதே கூட்டம்தான் கிம்ச்சியையும் புளிக்க வைக்குதாம். பாத்தியா, நம்ம ஆட்டுக்கல்லுல இருந்தவனுக்கு அங்கயும் உத்தியோகம்.

செவப்புச் சாறு கோச்சுஜாங். மொளகா, பசையரிசி, புளிக்க வெச்ச சோயாப் பயறு, உப்பு. பானையில போட்டு வெயில்ல வெச்சுப் பக்குவம் பண்றது. மொளகா ரெண்டு பேருக்குமே கடல் தாண்டி வந்த விருந்தாளி, ஆனா ரெண்டு பேருமே பாட்டன் சொத்து மாதிரிப் பேசிக்கிறோம். அதுல இனிப்பு ஜாஸ்தியா இருக்கும், மொதல்ல ஒறைக்காது. "இவ்வளவுதானா"ன்னு நாலு கரண்டி ஊத்திக்குவே. அது மடிப்பு ஓரமா வழிஞ்சு முழங்கை வரைக்கும் எறங்கும். வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுப் போகாதே. கொரியாக்காரன் எவர்சில்வர்ல குச்சி குடுப்பான், கோழித்துண்டு அதுல வழுக்கும். உன் கூட்டாளிங்க குச்சியோட மல்லுக்கட்டட்டும், நீ பன்னைக் கையில எடு. அது கையால திங்கறதுக்குத்தான் மடிச்சிருக்கு.

இப்போ முக்கியமான சங்கதி. கொரியாக்காரன் பந்தியில ஒரு மொறை உண்டு. வயசுல மூத்தவர் கரண்டியை எடுத்தப்பறம்தான் மத்தவன் கை வைக்கலாம். மூத்தவருக்குக் கிளாஸ்ல ஊத்தினா ரெண்டு கையாலயும் ஊத்தணும். அவர் முன்னால குடிக்கணும்னா மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கணும். பந்திக்கு முந்துன்னு வளந்த உங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது? நீங்க நாலு பேரும் ஒரே வயசு. யார் மூத்தவன், யார் மொதல்ல கை வைக்கிறதுன்னு ஒரு கொழப்பம் வரும். பன்னு ஆறிப்போகும். ஆறின பன்னு தடிக்கும். சபையில வயசான ஆளு ஒருத்தர் இல்லாமப் போறது மொறையே இல்ல. சும்மா சொன்னேன், மனசுல வெச்சுக்க.

சம்பந்தி மொறை கொண்டாடிக்கிட்டுத் தள்ளுபடி கேக்காதே, அதையும் சொல்லிடறேன். 13-ம் நூத்தாண்டுல இர்யோன்னு ஒரு பிக்கு எழுதி வெச்சிருக்கார்: அயுதங்கற தேசத்துலேர்ந்து ஒரு ராஜகுமாரி கி.பி. 48-ல கப்பல்ல கொரியாவுக்கு வந்து அங்க கயா நாட்டு ராஜாவைக் கட்டிக்கிட்டாளாம். அயோத்திக்காரங்க எங்க பொண்ணுன்னு 2001-ல நினைவிடமே எழுப்பிட்டாங்க. நம்மாளுங்க சில பேர் இல்ல, கன்னியாகுமரிப் பொண்ணுன்னு அடிச்சுப் பேசறாங்க. ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு மாமியா வீட்டுச் சீருக்கு அலையறாங்கப்பா. அதை நம்பி நீ பில்லுல கழிக்கச் சொன்னா கடைக்காரன் கும்பகோணத்துக்காரனா இருப்பான், சிரிப்பான்.

நெசமாவே கொரியாக்காரன் திங்கிறதப் பாக்கணும்னா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போ. ஹூண்டாய்காரன் 1996-ல இருங்காட்டுக்கோட்டையில வந்து எறங்கினான், 1998-ல சான்ட்ரோ கார் வெளிய வந்துச்சு. அவன் பின்னால பாகம் செய்யற கம்பெனிங்க, அவங்க பின்னால சமையக்காரங்க. இந்தக் கொரியா சீரியல் மோகமெல்லாம் வர்றதுக்கு முந்தியே அந்த ரோட்டோரம் கிம்ச்சி வாடை அடிச்சிருக்கு. அங்க பலகையில அழகு எழுத்து இருக்காது. கேக்காமலே சின்னச் சின்னக் கிண்ணத்துல கறிகாய் வரும், தீந்தா மறுபடி வைப்பாங்க, அதுக்குத் தனிக் காசு கிடையாது. கல்யாணப் பந்தி மாதிரி கேட்டுக் கேட்டு வாங்கலாம். நீ போற கடையில அது நடக்காது. அங்க ஒவ்வொரு கிண்ணத்துக்கும் பில்லுல ஒரு வரி உண்டு.

போட்டோ விஷயமும் ஒண்ணு இருக்கு. நம்ம கோயில் கதை தெரியுமில்ல? திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கு இது தாய் பொறந்த ஊரு. சம்பந்தர் பாட்டு நல்லா இருக்கிறதுக்குக் காரணமே நம்ம யாழ்தான்னு சொந்தக்காரங்க பேசிட்டாங்க. பாணருக்கு மனசு கேக்கல. யாழ்ல அடங்காத பாட்டாப் பாடுங்க சாமின்னு கேட்டார். சம்பந்தர் பாடினார், நரம்பு திணறிச்சு, பாணர் யாழையே ஒடைக்கப் போயிட்டார், சம்பந்தர்தான் தடுத்தார். நீங்க அந்தச் சொந்தக்காரங்க கட்சிடா. மஞ்ச விளக்கு, மூங்கில் கூடை, ஆவி மேல போறாப்புல படம், அதைப் போட்டுட்டு ஆகா ஓகோன்னு எழுதறீங்க. பண்டத்துக்குப் பெருமையா, விளக்குக்குப் பெருமையா? விளக்கை அணைச்சுட்டு ஒரு தடவை தின்னு பாரு. நான் உன் போனைத்தான் யாழ்னு சொல்றேன். ஒடைக்க வேணாம், உங்கப்பன் தவணை கட்டறான்.

பார்சல் வாங்கி வரலாம்னு மட்டும் நெனக்காதே. டப்பாவுல அடைச்சா ஆவி தண்ணியாயி பன்னு அடி நஞ்சு போகும். அங்கேர்ந்து இங்க வர்றதுக்குள்ள கோழி தனி, பன்னு தனி, சாறு உன் பையோட அடியில. ஆகத் தாத்தாவுக்கு ரெண்டு வாங்கியாரேன்கிற யோசனை சரிப்படாது. எனக்குத் திங்கணும்னு இருக்குன்னு நெனச்சுக்காதே, அந்தப் பந்தி மொறை கெட்டுடக் கூடாதேன்னுதான் பாக்கறேன். திருநள்ளாறு கூட்டம் இருக்கும், சனிக்கிழமை வேணாம். ஞாயித்துக்கிழமை ராத்திரி எழும்பூர் ரயில்ல எனக்குக் கீழ் பெர்த்தாப் போடு. அப்பாயிகிட்ட கண்ணு காட்டப் போறோம்னு நான் சொல்லிக்கிறேன். நீ பக்கத்துல நின்னு சிரிச்சுக் காரியத்தைக் கெடுத்துடாதே. அங்க போயி என்ன கறின்னு மட்டும் என்கிட்ட கேக்காதே, எனக்கும் சின்ன தாத்தா காதுதான்.